ஒன்றும் கேட்காத மதாம்

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எப்படி மறக்கும்? எழுதினால் அதுவும் அவளுக்கு ஒரு விளம்பரமாகிவிடும். லா சப்பல் பகுதியில் அவளைப் பற்றி நல்லது சொல்ல ஏற்கெனவே ஆட்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். ஆகவே மதாம் என்றே சொல்கிறேன். தெருவும் அவளை அப்படித்தான் கூப்பிட்டது. பாரிஸில் எத்தனையோ மதாம்கள். ஆனால் ரூ லூயி-பிளாங்கில் நின்று வெறுமனே மதாம் என்றால் அந்தச் சீனத்தி ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. என் வயிற்றெரிச்சல் அங்கேயே தொடங்குகிறது.

அந்தத் தெருவில் எனக்கு ஒரு டிக்கெட் கடை இருந்தது. கொழும்புக்கும் சென்னைக்கும் பறக்கிற எங்கள் சனம் பாதி, அல்ஜியர்ஸுக்கும் துனிஸுக்கும் போகிற அரபுச் சனம் பாதி. இந்த இரண்டாவது பாதியை எனக்குப் பிடித்துத் தந்தவன் பக்கத்துக் கடைக் கமால். அல்ஜீரியன். பயணப்பெட்டி விற்றான். என்னிடம் டிக்கெட் எடுத்தவர்களை நான் அவனிடம் பெட்டி வாங்க அனுப்புவேன். அவனிடம் பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை அவன் என் கடைக்குள் தள்ளிவிடுவான். காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் மூலைக் கடையில் நின்றபடி கோப்பி குடிப்போம். ஒரு நாள் தவறியதில்லை.

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர். அதை உடைத்து ஒன்றாக்க வேண்டும் என்பது என் மனைவி சாந்தியின் ஆசை. பாரிஸுக்கு வெளியே எங்கள் திரான்சி வீட்டில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் மெஷினை வைத்துக்கொண்டு கல்யாணப் பிளவுஸ்கள் தைத்துக்கொண்டிருந்தாள். கமாலின் கடை கிடைத்தால் அதில் ஒரு தையல்கடை. எந்த இடத்தில் கண்ணாடி, எந்த இடத்தில் மெஷின் என்று முடிவே எடுத்துவிட்டாள். கமாலும் சொல்லியிருந்தான்: "அம்மா இருக்கும்வரைக்கும் நான் இஞ்சைதான். பேந்து ஊருக்குப் போயிடுவன். போகேக்கை கடை உனக்குத்தான்."

அல்ஜீரியன் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறானே என்று யோசிக்க வேண்டாம். பேசியது பிரெஞ்சு. என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதுகிறேன். சீனத்தியின் பேச்சுக்கும் இதுதான் கதை.

அவள் வந்தது 2009 கோடை முடிகிற நேரம். அந்த வருஷம் எங்கள் சனம் எந்த நிலையில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. மே மாதத்தோடு எல்லாம் முடிந்து, கடையைத் திறந்தாலும் திறந்த மாதிரி இல்லாமல் இருந்தோம். கொழும்புக்குச் சீனா என்னென்ன கொடுத்தது என்பதுதான் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் பேச்சு. அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்தில் ஒரு சீனத்தி கடை எடுக்கிறாள் என்றார்கள். நகம் பூசுகிற கடையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். இல்லை. வட ஆபிரிக்க வியாபாரிகளைச் சீனாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே சந்தை காட்டி, சரக்குப் பிடித்துக் கொடுக்கிற அலுவலகம். என் பாதிச் சனத்தின் மேல் கை வைக்க வந்திருக்கிறாள் என்று அப்போதே விளங்கியது.

நோன்பு மாதம். பொழுதுபடப்போகிற நேரத்தில் ஒரு தட்டோடு அவள் தெருவைக் கடந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். குட்டையான தலைமயிர், சாம்பல் நிறச் சட்டை, தட்டையான சப்பாத்து. தட்டில் கிளையோடு பேரீச்சம்பழம், பக்கத்தில் பால். அல்ஜீரியர்கள் நோன்பு திறப்பது அப்படித்தானாம். அரபுக் கடைகள் ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். பிறகு என் கடைக்கு வந்தாள். எனக்கு நோன்பில்லை என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தாள். எனக்கு ஒரு தேயிலைப் பெட்டி.

பாருங்கள், இலங்கையில் பிறந்தவனுக்குத் தேயிலை!

"இது என்னத்துக்கு மதாம்?" என்று கேட்டேன்.

"ஒண்டுக்குமில்லை. பக்கத்திலை இருக்கிறம்."

அந்த "ஒண்டுக்குமில்லை" தான் அவள். அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை பொருள், எத்தனை உதவி! எதற்கென்று கேட்டால் ஒண்டுக்குமில்லை. தெருவில் ஒருவரிடம் வாயைத் திறந்து இதைத் தா, அதைச் செய் என்று அவள் கேட்டதை நான் கண்டதில்லை. குடை கூட இரவல் கேட்டதில்லை. மழை வந்தால் நனைந்துகொண்டு போவாள். கமால் பின்னால் குடையோடு ஓடுவான்.

தேயிலையைக் குப்பையில் போடத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாந்தி ஊற்றிக் குடித்துவிட்டு, "நல்ல வாசமா இருக்கப்பா. அவவிட்டை இன்னும் இருக்கோ?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் இரவு சாப்பாடே இறங்கவில்லை.

அவளுடைய அரபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கச் செலவில் பெய்ஜிங்கில் அரபி படித்து, துனிஸில் ஒரு வருஷம் இருந்து, பிறகு அல்ஜியர்ஸுக்குப் பக்கத்தில் சீனர்கள் தொடர்மாடி வீடுகள் கட்டிய இடத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். புத்தக அரபி என்றால் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். இவள் பேசியது தெரு அரபி. கமால் என்னிடம் வந்து, "கண்ணை மூடிக்கொண்டு கேட்டா என்ரை சின்னம்மா கதைக்கிற மாதிரி இருக்கு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் இத்தனை வருஷமாக அவனுடைய ஆட்களோடு பழகுகிறேன், ஒரு சலாமும், சுகமா என்று கேட்கிற ஒரு "லாபாஸும்" தவிர என்னிடம் எதுவும் இல்லை. ரோஷம் வந்து நானும் அரபி படிக்கப் போனேன். மெத்ரோவில் காதில் மாட்டிக்கொண்டு உச்சரித்துப் பார்த்தேன். ஒருநாள் துணிந்து ஒரு வாடிக்கையாளரிடம் இரண்டு வசனம் பேசினேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிசியூ, நான் தமிழ் படிக்கேல்லை" என்றார்.

முதல் தடவை அவள் கூட்டிக்கொண்டு போன வியாபாரிகளில் கமாலும் ஒருவன். திரும்பி வந்தவன் ஒரு கிழமை வேறு கதை கதைக்கவில்லை. யிவு என்று ஒரு நகரமாம். அங்கே சந்தைக்கு இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் வர நாள் போதாதாம். தெருப் பலகையெல்லாம் அரபியில். தொழ இடம். சிரியாக்காரன் ரொட்டி சுடுகிறான், யேமன்காரன் ஆடு அறுக்கிறான். "பிரான்ஸிலை இவ்வளவு காலம் இருக்கிறன். ஒருத்தனாவது எனக்காக ஒரு பலகையை அரபியிலை எழுதி வைச்சானோ?" என்றான் கமால். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தப் பயணத்தின் டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் அவள் என்னிடம்தான் எடுத்தாள். சீனாவில் தெரிந்தவர்களிடம் மலிவாக எடுத்திருக்கலாம். எனக்குத் தந்தாள். நான் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வாசலில் நின்று அவளைத் திட்டிவிட்டு உள்ளே போய் அவளுடைய டிக்கெட்டை அச்சடிப்பேன். அந்த வருஷத்தின் பிற்பாதி இப்படித்தான் போனது.

அலுவலகத்தில் ஒரு பிளாஸ்கில் எப்போதும் புதினாத் தேநீர் இருக்கும். அரபு வியாபாரிகள் உட்கார்ந்து கதைத்துவிட்டுப் போவார்கள். மரக்கறிக்காரனின் தாய்க்கு முழங்கால் வலி, இறைச்சிக்காரனின் மருமகள் பிள்ளைப்பேறு எல்லாம் அவளுக்குத் தெரியும். கமாலின் மகளுக்குப் பெய்ஜிங்கில் புலமைப்பரிசிலோடு படிக்க இடம் வந்தது. எப்படி வந்தது என்று கமாலுக்கே தெரியாது. ஒருநாள் பேச்சுவாக்கில் அவளிடமே கேட்டேன், இதெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று. கட்டட வேலை நடந்த இடத்தில் தன்னுடைய பொறுப்பாளர் சொல்வாராம்: சீமெந்து இறக்குவதற்கு முதல் ஊருக்கு ஒரு கிணறு வெட்டு, பெடியங்களுக்குப் பந்து வாங்கிக் கொடு, ஊர்ப் பெரியவருடைய வீட்டில் சாப்பிடு.

"பேந்து?" என்றேன்.

"பேந்து ஒண்டுமில்லை. சாப்பாடு நல்லா இருந்தது" என்று சிரித்தாள்.

எங்கள் கோயில் தேர்த் திருவிழாவையும் விட்டுவைக்கவில்லை. தேர் எங்கள் தெருவால் வரும்போது கடைக்காரர் ஒவ்வொருவரும் வாசலில் தேங்காய் குவித்து அடிப்போம். முதல் வருஷம் நின்று பார்த்தாள். அடுத்த வருஷம் மஞ்சள் பூசிய தேங்காய்க் குவியல் அவள் வாசலிலும் இருந்தது. கமாலும் இறைச்சிக்காரனும் சட்டைக் கையை மடித்துவிட்டு அவளுக்காக அடித்தார்கள். தேர் அங்கே நின்றது. என் வாசலில் நின்றதைவிடக் கூட நேரம் நின்றது என்று நான் புறுபுறுக்க, சாந்தி, "வடம் பிடிக்கிறவை களைச்சு நிண்டவை. அதுக்கும் உங்களுக்கு எரிச்சலோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

நான் அரசியல் பேசித் தப்பிக்கப் பார்ப்பேன். "எங்கடை சனத்தை அழிக்கக் குடுத்த கை அது" என்று அன்ரனிடம் சொல்வேன். அன்ரன் மன்னார்ப் பெடியன், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சமையல். அவன் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அண்ணை, அது உண்மைதான். ஆனா உங்களுக்கு இருக்கிறது அது இல்லை. உங்களுக்கு இருக்கிறது எரிச்சல்" என்பான்.

எரிச்சல்தான். ஆனால் எதில் எரிச்சல் என்பது எனக்கு 2011இல் தான் தெளிவாகத் தெரிந்தது. லிபியா பற்றி எரிந்த நேரம். கமாலின் தம்பி பெங்காசியில் மின்சார வேலை செய்துகொண்டிருந்தான். நான்கு நாளாகப் பேச்சில்லை. கமாலின் தாய் சென்-தெனி வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்டாள். நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்த விமானக் கம்பனி ஆட்களையெல்லாம் பிடித்தேன். கூசேன்வில்லில் இருந்து விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிற சொந்தக்காரரை எழுப்பி விசாரித்தேன். தொண்டை கட்டும்வரை டெலிபோனில் கத்தினேன். ஒரு விமானமும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் அவளும் டெலிபோனில்தான் இருந்தாள். அங்கே வேலை செய்த தங்கள் ஆட்களை ஏற்ற சீனா கப்பல் அனுப்பியிருந்தது. கிரேக்கத் தீவுக்குப் போகிற ஒரு கப்பலில் சீனத் தொழிலாளர்களோடு கமாலின் தம்பியும் ஏறினான். செய்தி வந்ததும் கமால் தெருவின் நடுவில் நின்று அழுதான். வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. அவள் அவனைக் கையில் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிவந்தாள்.

நான் கடைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சனமும் ஒரு கடற்கரையில்தான் நின்றது. கப்பல் வரும் கப்பல் வரும் என்று இங்கே நாங்கள் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தோம். வரவில்லை. ஒரு டெலிபோனை எடுத்தால் மறுபக்கத்தில் ஒரு நாடு நிற்கிறது அவளுக்கு. எனக்கு யார் நிற்கிறார்கள்? அன்றைக்கு எனக்கு வந்த பொறாமையை எந்தத் தண்ணீர் குடித்தும் அடக்க முடியவில்லை.

இப்போது அவள் கெய்ரோவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பாலைவனத்தில் புதிதாக எழும்புகிற கட்டடங்கள் பக்கம் ஏதோ பெரிய பொறுப்பாம். போகும்போது தெருவே வாசலில் நின்றது. நானும் நின்றேன். நிற்காவிட்டால் ஊர் கதைக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முதல் நடந்ததை. லிபியாவுக்கு இரண்டு வருஷம் கழித்துக் கமாலின் தாய் இறந்தாள். உடலை அல்ஜீரியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதே விமானத்தில் குடும்பம் முழுவதற்கும் இடம் எடுத்துக் கொடுத்தது நான். இதில் மதாமுக்கு வேலையில்லை என்று, சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு திருப்தி இருந்தது. மாலையில் சென்-தெனி வீட்டுக்குப் போனேன். வீடு நிறையச் சனம். ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். கமால் தன் கையாலேயே கூஸ்கூஸ் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "அம்மாவின்ரை பேரிலை ஒரு வாய்." நான் கையால் மறித்தேன். இன்னொரு தடவை நீட்டினான். மறுபடியும் மறித்தேன். பிறகு எழுந்தேன், யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தலையில் தண்ணீர் வார்த்துத் தோய்ந்தேன். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போய்வருகிறவன் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி ஒன்று குறையாமல் நடந்தேன் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

மதாம் அங்கே குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றதைப் போகும்போதே கண்டிருந்தேன்.

அடக்கம் முடித்துக் கமால் இரண்டு கிழமையில் திரும்பினான். பத்து மணிக்கு நான் மூலைக் கடையில் நின்றேன். அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. என்னைக் கடந்து போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான், அவளுடைய தேநீருக்கு. பெட்டி வாங்க வருகிற சனத்தை என் பக்கம் அனுப்புவதும் நின்றுபோனது. சாந்தி, "கடையைப் பற்றி ஏதும் சொன்னவரோ?" என்று ஒவ்வொரு மாலையும் கேட்பாள். மதாம்தான் அவனை வளைத்துப்போட்டாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பியைக் கப்பலில் ஏற்றினாள், மகளை விமானத்தில் ஏற்றினாள், இனிக் கடையும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அவளே என் கடைக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

"அண்டைக்குக் கமால் வீட்டிலை ஏன் சாப்பிடேல்லை? ஏன் சொல்லாமல் போனனீங்கள்?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "உங்களுக்கு என்னத்துக்கு அது? எங்கடை வழக்கம். செத்தவீட்டிலை நாங்கள் கை நனைக்க மாட்டம். போட்டு வாறன் எண்டு சொல்லவும் மாட்டம். அந்த வாசலிலை நிண்டு திரும்பி வாறன் எண்டு சொன்னா, இன்னொரு சாவுக்கு வாறன் எண்டு சொல்லுற மாதிரி. அதனாலை வாய் திறக்காமல் எழும்பி வருவம். அதுதான் மரியாதை."

"கமாலுக்கு இது தெரியுமோ?"

"இவ்வளவு காலம் பழகிறான். தெரியாதோ?"

"எப்பிடித் தெரியும்? நீங்கள் சொல்லேல்லை."

எழுந்து போய்விட்டாள். பின்னேரம் கமால் வந்தான். கதவைத் திறந்த வேகத்தில் என்னைக் கட்டிப்பிடித்தான். "என்ரை அம்மாவின்ரை சாப்பாட்டைத் தட்டிவிட்டவன், ஒரு சொல்லுச் சொல்லாமல் போனவன் எண்டு உன்னை வெறுத்துப்போட்டன். மதாம் சொன்னா. இன்னொரு சாவு வேண்டாம் எண்டுதானாம் நீ பேசாமல் போனனீ. எனக்குத் தெரியாதடா." அவன் அழுதான். நானும் அழுதேன். பத்து மணிக் கோப்பியை ஐந்து மணிக்குக் குடித்தோம்.

கோப்பி உள்ளே இறங்க இறங்க எனக்குள் வேறொன்று ஏறியது. நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் சிநேகிதனையே எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறாள். எதற்கென்று கேட்டால் ஒண்டுக்குமில்லை என்பாள். இனி எனக்கு அவள் தராத பொருள் என்று எதுதான் மிச்சம்?

கமால் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னான்: "அம்மாவும் போயிட்டா. நான் ஊருக்குப் போகப்போறன். கடை உனக்கு எண்டு சொன்னனான். சொன்னது சொன்னதுதான்."

"ஓம்."

"ஆனா மனசிலை ஒண்டு கிடக்கு. மதாமின்ரை இடம் காணாது. வாற ஆட்கள் மழையிலை வெளியிலை நிக்கினம். அவ என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை. சத்தியமாக் கேக்கேல்லை. எனக்குத்தான் ஒரு மாதிரிக் கிடக்கு. நீ வேணும் எண்டு சொன்னா உனக்குத்தான். நீ சொல்லு."

வேணும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு வெளியே எதிர்ப்பக்கத்தில் அவள் யாரோ ஒருவருக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, அவள் என் கையால் வாங்க வேண்டும். அவளால் திருப்பிக் கொடுக்க முடியாத பெரிய ஒன்றை நான் கொடுத்துவிட்டு, எதற்கென்று அவள் கேட்கும்போது ஒண்டுக்குமில்லை என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஆசை வந்து என் கழுத்தைப் பிடித்தது.

"மதாமுக்கே குடு" என்றேன்.

கமால் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். நான் மிதந்துகொண்டு ரயில் ஏறினேன். திரான்சியில் இறங்கி நடக்கும்போதுதான் கால் தரையில் பட்டது.

சாந்தி மெஷினில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் துணியை விட்டுக் கையை எடுத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் அப்படியே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அவ கடையைத் தாங்கோ எண்டு கேட்டவவோ?"

"இல்லை."

"கமால்தான் அவவுக்குக் குடுக்கவேணும் எண்டு நிண்டவரோ?"

"இல்லை. நான் வேணுமெண்டா எனக்குத்தான் எண்டவன்."

"ஒருத்தரும் கேக்கேல்லை. பிறகு ஏனப்பா குடுத்தனீங்கள்?"

"கேட்டிருந்தா இல்லையெண்டு சொல்லியிருப்பனேயடி!"